பகலில் தூங்குகிறவர்கள்

"எதுல விளம்பரம் பண்ணலாம், டீச்சர்?"

கேட்ட தையல்காரர் சண்முகராஜன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"எஃப்.எம்.ல கொடுக்கலாம். லோக்கல் கேபிள்ல ஓட விடலாம். பஸ் பின்னாடி ஒட்டலாம். இன்ஸ்டாகிராம்னு ஒண்ணு இருக்காம், அதுலயும் போடலாம். நினைச்சு நினைச்சு ஒரு இடத்துல உக்கார முடியல."

தங்கமயில் அவரைவிடப் பத்து வயது இளையவர். ராஜபாளையத்தில் ஒரு பேக்கரி மாடியில் சிறு வியாபாரிகளுக்கு வகுப்பெடுப்பவர். அதிகம் பேசமாட்டார்.

"முதல்ல சாமானைக் காட்டுங்க, அண்ணாச்சி."

சண்முகராஜன் பையிலிருந்து எடுத்து ஜன்னலில் மாட்டினார். மூன்று அடுக்குத் துணி வைத்துத் தைத்த திரை.

காலை பத்து மணிக்கு அறை இருண்டது.

"என் வீட்டுக்காரி சுகிர்தாவுக்கு மில்லுல நைட் ஷிஃப்ட். பகல்ல தூக்கம் வராது. போன தை மாசம் மெஷின் முன்னால நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டா. பக்கத்துல நின்னவ இழுக்கலேன்னா கை போயிருக்கும்."

திரையின் ஓரத்தை நீவிவிட்டார்.

"அப்புறம்தான் இதைத் தைச்சேன். இப்ப ஏழு மணி நேரம் தூங்குறா. இனிமே சட்டை, ஜாக்கெட் எதுவும் தைக்கப் போறதில்ல, டீச்சர். இது மட்டும்தான்."

"யாருக்கு விக்கப் போறீங்க?"

"நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்கு."

"அவங்க எங்க இருக்காங்க?"

"மில்லுக்குப் பின்னால நாலு தெரு. முழுக்க அவங்கதான்."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினார் சண்முகராஜன்.

மறுநாள் ஒரு ஆட்டோ பிடித்தார். மேலே இரண்டு ஒலிபெருக்கி. மைக்கை வேறு யாரிடமும் கொடுக்க மனமில்லை. தானே உட்கார்ந்துகொண்டார். முதல் தெருவுக்குள் ஆட்டோ நுழைந்தபோது மணி பதினொன்று.

"நிம்மதியான தூக்கம் வேண்டுமா? பகலிலும் நிம்மதியான தூக்கம்…"

ஒரு கதவு திறந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று. ஒரு வீட்டில் குழந்தை வீறிட்டது.

கண் சிவந்த ஒருவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே வந்து ஆட்டோவை மறித்தார்.

"மூணு நாளைக்கப்புறம் இப்பத்தான்யா கண்ணு சொக்குச்சு. யாருய்யா நீ?"

"தூங்குறதுக்கு ஒரு திரை விக்கிறேங்க," என்றார் சண்முகராஜன்.

மைக்கை அணைக்க மறந்திருந்தார். நாலு தெருவுக்கும் கேட்டது.

அன்று மதியமே தங்கமயிலிடம் வந்து நின்றார். நடந்ததைச் சொன்னார். தங்கமயில் சிரிக்கவில்லை.

"ஆட்டோவை மறிச்சவர் பேரென்ன?"

"கேக்கலையே, டீச்சர்."

"கேட்டுட்டு வாங்க."

பாதிப் படி இறங்கியவர் நின்றார். திரும்பி மேலே பார்த்தார்.

"இப்பப் போனா மறுபடியும் தூங்கிட்டிருப்பாரு."

"ஆமா."

"எப்ப முழிச்சிருப்பாரு?"

தங்கமயில் மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

சண்முகராஜன் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சுகிர்தா வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது எப்போதும் அவளிடம் இஞ்சி டீ வாசனை வரும். அது இப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. மில் வாசலுக்கு எதிரே டீக்கடை. ஷிஃப்ட் முடிந்தவர்கள் தலையில் பஞ்சுத் தூசியோடு, பேசத் தெம்பில்லாமல், ஆளுக்கொரு கிளாஸோடு நின்றார்கள். சண்முகராஜன் கையில் ஒரே ஒரு திரை.

ஆட்டோவை மறித்தவர் அங்கே இருந்தார்.

"அண்ணே, நேத்து நான் பண்ணது தப்பு. உங்க பேரு?"

"இசக்கிமுத்து. மைக்ல கத்தினது நீதான?"

"நான்தான். இன்னைக்கு இதை மாட்டிப் பாருங்க. பிடிக்கலேன்னா நாளைக்கு இங்கயே குடுத்துருங்க."

இசக்கிமுத்து நம்பிக்கையில்லாமல் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் காலை டீக்கடையில் இசக்கிமுத்து இல்லை.

சண்முகராஜன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இசக்கி எங்கய்யா? ராத்திரி வேலைக்கே வரல?" ஒருவர் கேட்டார்.

"அவன் எங்க வர்றது?" என்றார் இசக்கிமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரர். "நேத்து காலைல எவனோ குடுத்த திரையை மாட்டிப் படுத்தான். சாயங்காலம் கதவைத் தட்டித் தட்டி என் கை வலிச்சுது. எந்திரிக்கவே இல்ல. நான் வேலைக்குக் கிளம்பும்போதும் குறட்டை விட்டுக்கிட்டிருந்தான்."

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எவன் குடுத்தான்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

சண்முகராஜன் கையை உயர்த்தினார்.

ஏழு மணிக்குப் பேக்கரி மாடியில் மூச்சிரைக்க நின்றார்.

"பதினாலு பேரு திரை கேட்டிருக்காங்க, டீச்சர். நான் ஒரு வார்த்தை பேசல. இனிமே இந்த ஊர்ல இருக்கிற அத்தனை டீக்கடையிலயும் போய் நிக்கப் போறேன்."

தங்கமயில் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி பாக்குற நர்ஸுங்க டீக்கடையிலயா நிப்பாங்க?"

சண்முகராஜன் பையிலிருந்து சைக்கிள் சாவியை எடுத்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"டியூட்டி முடிஞ்சு அவங்க முதல்ல எங்க போவாங்க, டீச்சர்?"

"என்னையவா கேக்குறீங்க?"

தங்கமயில் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் யாருமில்லை. கீழே தெருவில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் கேட்டது.