பழுதில்லாத மாசம்

ஓட்டைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவர்கள் அந்த ஊரைப் பார்த்ததில்லை. மூளை உண்டு. தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊரில் 'தண்ணிமணி' என்று ஒரு ஆப் இருந்தது. வால்வு திறக்கிற மாடக்கண்ணு குழாயைத் திறந்ததும் தன் போனைத் தொடுவார். உடனே ஊரில் இருக்கிற போனெல்லாம் கணகணவென்று அடிக்கும். எல்லோரும் குடத்தோடு ஓடுவார்கள். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், தெரிந்தவர்கள் திருத்தியும் கொடுக்கலாம். பக்கத்து ஊர் மேலமந்தைக்கும் அதே வால்வு, அதே மணிதான்.

அதைச் செய்தவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற செல்லையா. அவருக்கு நேரம் போதாமல் போகவே, பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஊரில் மூன்று பேரிடம் விட்டார். ஆவுடையப்பன் அண்ணாச்சி தலைவர், ஏனென்றால் அவர் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருந்தது. சுடலைமணி செல்போன் கவர் விற்பவன், அதனால் போனைப் பற்றி வெளிப்பக்கம் முழுக்கத் தெரியும். மூன்றாவது ஆள் இசக்கியம்மாள். டைப்ரைட்டிங் படித்தவள். என்ன அடிக்கிறோம் என்று குனிந்து பார்க்கக்கூடாது என்று வகுப்பில் சொன்னதை அவள் இன்றுவரை மீறியதில்லை.

செல்லையா போனில் தெளிவாகத்தான் சொன்னார்.

"மாசத்துல முதல் செவ்வாய்க்கிழமை ஒரு அப்டேட் விடணும். பழுது பார்த்தது மட்டுந்தான் அதுல இருக்கணும், புதுசா எதையும் சேர்க்கக்கூடாது. ஒருத்தர் செஞ்சதை இன்னொருத்தர் பார்க்கணும். ஒரு செவ்வாய் தவறினாலும் மேலமந்தைக்காரங்க கையில கொடுத்திருவேன், பார்த்துக்கோங்க."

கடைசி வார்த்தைதான் இசக்கியம்மாளைப் பிடித்துக்கொண்டது. மேலமந்தையில்தான் அவள் நாத்தனார் பேச்சி வாக்கப்பட்டிருந்தாள். குழம்பில் உப்புக் குறைந்ததையே மூன்று பொங்கலுக்குச் சொல்லிக் காட்டுகிறவள். ஆப்பும் அவள் கைக்குப் போய்விட்டால் கல்யாண வீடு, சடங்கு வீடு எங்கும் தலைகாட்ட முடியாது.

முதல் மாசம் இசக்கியம்மாள் ஒரு சின்னப் பழுதைச் சரிசெய்தாள். சுடலைமணி அதைப் பார்த்தான். அப்டேட் போயிற்று. மறுநாள் தண்ணீர் நின்றபிறகு மணி அடித்தது.

"ஏலே, நீ பார்க்கலையா?" என்றார் அண்ணாச்சி.

"பார்த்தேனே. திறந்தா அடிக்கணும்கிறதை அக்கா மூடினா அடிக்கணும்னு போட்டிருந்தாவ."

"பின்னே ஏன் சொல்லலை?"

"பார்க்கணும்னுதானே சொன்னாவ? சொல்லணும்னு யாரு சொன்னா?"

அண்ணாச்சி யோசித்துப் பார்த்தார். நியாயம் அவன் பக்கம்தான் இருந்தது. அடுத்த மாசம் அந்தப் பழுதைச் சரிசெய்து அனுப்பினார்கள். ஊரே பாராட்டியது.

வினை அதற்கடுத்த மாசம் வந்தது. முதல் செவ்வாய் நெருங்கிவிட்டது. ஆப்பில் ஒரு பழுதுகூட இல்லை. இசக்கியம்மாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தேடினாள், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேடினாள். பால் பொங்கியது. பிள்ளை சிணுங்கியது. பழுது கிடைக்கவில்லை.

மூன்று பேரும் அண்ணாச்சி வீட்டில் கூடினார்கள்.

"சரிபண்ண ஒண்ணுமில்லையே அண்ணாச்சி. போச்சு, பேச்சி சிரிக்கப் போறா" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள் இசக்கியம்மாள்.

"அழாதே தாயி. பழுது இல்லைன்னா நாமளே ஒண்ணு செஞ்சு போடுவோம்."

"அது எப்படி?" சுடலைமணி எழுந்தே விட்டான். "புதுசா எதையும் சேர்க்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காவள்லா? நாம செய்யுற பழுது புதுசுதானே?"

சொன்ன வேகத்தில் உட்கார்ந்தும் விட்டான். அவனுடைய புத்தி சில நேரம் அவனுக்கே பயமாக இருக்கும்.

இசக்கியம்மாளுக்குத்தான் சட்டென்று தோன்றியது. "அப்போ பழசைப் போடுவோம்! தண்ணி நின்னா மணி அடிச்சதே, அது நம்ம வீட்டுப் பழுதுதானே? அதையே திருப்பி வெச்சா யாரு புதுசுன்னு சொல்ல முடியும்?"

"எம்மா இசக்கி! இந்த மாசம் பழுதை விடுவோம், அடுத்த மாசம் சரிபண்ணி விடுவோம். ரெண்டு செவ்வாய்க்குக் கவலையில்லை" என்று அண்ணாச்சி தொடையில் தட்டினார்.

செவ்வாயன்று பழுது முறைப்படி வெளியானது. இசக்கியம்மாள் செய்தாள், சுடலைமணி பார்த்தான். இந்த முறை சொல்லவும் செய்தான்: "பழுது நல்லா இருக்கு அக்கா."

மறுநாளிலிருந்து ஊர் பட்டபாடு சொல்லி முடியாது. மணி அடித்ததும் எல்லோரும் ஓடுவார்கள், குழாய் கடைசிச் சொட்டைத் துப்பிவிட்டு நிற்கும். சமையல் கெட்டது, குளிப்பு கெட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் சந்தோஷம்.

இசக்கியம்மாள் வீட்டு வாசலில் ஒருநாள் குழாய் திறந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் காலிக்குடத்தோடு பக்கத்திலேயே நின்றாள்.

"ஏட்டி, தண்ணி வருதுல்லா, பிடியேன்" என்றான் புருஷன்.

"இன்னும் மணி அடிக்கலைங்க."

"கண்ணுக்கு முன்னால கொட்டுதே!"

"அதுபாட்டுக்குக் கொட்டட்டும். நானே மணியை மதிக்கலைன்னா ஊரு மதிக்குமா?"

கடைசியில் ஊர்க்காரர்கள் காலிக்குடங்களோடு அண்ணாச்சியைத் தேடிப் போனார்கள். அது வியாழக்கிழமை. அவர் சவரக் கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருந்தார். சவரக்கார முத்துவேல் இடது கன்னத்தை அப்போதுதான் முடித்திருந்தார்.

"பழுது இருக்கிறது எங்களுக்கே தெரியும்" என்றார் அண்ணாச்சி, நுரை தெறிக்க. "நாங்கதானே வெச்சோம்! சரிபண்ணியும் ரெடியா இருக்கு."

"அப்போ விடவேண்டியதுதானே?"

"அடுத்த மாசம் முதல் செவ்வாய் வரட்டும். இன்னிக்கே விட்டா செவ்வாய்க்கு விட ஒண்ணுமிருக்காது, ஆப்பு மேலமந்தைக்குப் போயிரும். உங்களுக்குத் தண்ணி வேணுமா, மானம் வேணுமா?"

கூட்டம் குழம்பிப்போனது. அப்போது இசக்கியம்மாள் எதிரே டீக்கடையில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தாள். ஊரில் தவறாமல் தாள் கிழிக்கப்படுவது அது ஒன்றில்தான்.

"அண்ணாச்சி, நாளு எப்படிப் போகுது? டீக்கடைக்காரர் தாளைக் கிழிக்காவ, போகுது. கிழிக்காட்டா?"

"அப்படியே நிக்கும்."

"அப்போ சேர்த்துக் கிழிச்சா?"

ஊரே வாயைப் பிளந்தது. இவ்வளவு நாளும் செவ்வாய்க்கிழமையைக் கையில் வைத்துக்கொண்டா தாகத்தில் கிடந்தோம்! டீக்கடைக்காரர் ஒரு கத்தைத் தாளை மொத்தமாக இழுத்தார். அடுத்த மாசத்து முதல் செவ்வாய், சிவப்பு மையில் ராகுகாலத்தோடு வந்து நின்றது.

உடனே முத்துவேல் கத்தியை மடக்கிவிட்டார்.

"என்னய்யா, இன்னொரு கன்னம்?"

"செவ்வாய்க்கிழமை நான் கத்தி எடுக்கிறதில்லை அண்ணாச்சி. ஊருக்கே தெரியும். கடை லீவு."

ஒரு கன்னம் வழுவழுப்பாகவும் ஒரு கன்னம் நுரையாகவும் அண்ணாச்சி வீட்டுக்கு ஓடி அப்டேட்டை விட்டார். மாடக்கண்ணு வால்வைத் திறந்தார். மணி அடித்தது, தண்ணீரும் வந்தது. குலவைச் சத்தம் குளத்தங்கரை வரை கேட்டது.

மணி மேலமந்தையிலும் அடித்ததே! குடங்கள் நிரம்பி முடிவதற்குள் ஷேர் ஆட்டோவில் பேச்சி வந்து இறங்கினாள்.

"என்ன மதினி, கிழமை தெரியாம அப்டேட் விட்டுட்டீங்க போல! இன்னிக்கு வியாழன். செல்லையா அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ஆப்பை எடுத்துக்கொடுங்க, வந்த ஆட்டோவிலேயே போயிருதேன்."

"செவ்வாய்தான் பேச்சி. வேணும்னா காலண்டரைப் பாரு, அண்ணாச்சி கன்னத்தைப் பாரு."

பேச்சி தன் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இதைப் பாருங்க. என்ன போட்டிருக்கு? வியாழன்!"

இசக்கியம்மாள் போனைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். மெதுவாக அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணாச்சி! ஓடி வாங்க! போன்ல கிழமை தப்பா காட்டுது! அடுத்த மாசத்துக்குப் பழுது கிடைச்சாச்சு!"

சுடலைமணி தன் போனை எடுத்தான். அதிலும் வியாழன். அண்ணாச்சி போனிலும் வியாழன். ஊரில் ஒரு போன் பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் பழுது! இத்தனை பெரிய பழுதை அந்த ஊர் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்துச் செவ்வாய்க்குத் தாங்கும் என்றார் அண்ணாச்சி. நுரைமேல் ஆனந்தக் கண்ணீர் வழிந்தது.

பேச்சிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பிறகு சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு கத்தினாள்:

"அதெப்படி மதினி உங்களுக்கு மட்டும்? பழுதை முதல்ல பார்த்தது என் போன்லயாக்கும்! கூடப்பிறந்தவளுக்கு எங்க அண்ணன் வீட்டுல பாதிப் பழுது கொடுக்கணும். வாங்காம ஆட்டோவில ஏறமாட்டேன்!"