பார்க்காதபோது எடுத்த கல்யாணப் படம்

வாழப்பாடியில் பொன்னுரங்கம் ஸ்டுடியோ என்று ஒன்று உண்டு. அதில் மூன்று பேர். முதலாளி பொன்னுரங்கம், போட்டோ எடுக்கும் அர்த்தநாரி, வீடியோ எடுக்கும் செங்கோடன். மூன்று பேருக்கும் சேர்த்து யோசிக்கிற வேலை பொன்னுரங்கத்துடையது. அவரும் அந்த வேலையை ரொம்பப் பொறுப்பாகச் செய்வார். ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பதற்குள் அரை மணி நேரம் யோசித்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர்களுக்கு ஏற்காட்டில் ஒரு கல்யாணம் கிடைத்தது. ஏரிக்கரையில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று இப்போது ஓட்டலாகி இருக்கிறது. புல்தரை, படகுத்துறை, ஓடு போட்ட பெரிய ஹால் எல்லாம் உண்டு. பெண்ணுக்கு அப்பா தீர்த்தகிரி அதை இரண்டு நாளைக்கு மொத்தமாக எடுத்திருந்தார்.

பெண்ணின் அம்மா பாவாயி ஸ்டுடியோவுக்கே நேரில் வந்தார். உட்காரவில்லை. "அண்ணா, நீங்க ஆயிரம் போட்டோ எடுங்க, எடுக்காமப் போங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எங்கூட்டுக்காரரும் என் தம்பி அங்கமுத்துவும் ஒரே போட்டோல நிக்கணும்" என்றார்.

"அதென்னங்க பிரமாதம்" என்றார் பொன்னுரங்கம்.

"பதினோரு வருசமாப் பேச்சு இல்லீங்க. கிரகப்பிரவேசப் பத்திரிகையில தம்பி பேரைக் கடைசியில போட்டுட்டாங்க. அன்னிக்குப் போனவன் இப்பத்தான் தாய்மாமன் முறைக்காக வர்றான். இதை விட்டா இனி எப்பவோ." சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பொன்னுரங்கத்துக்கு இளகிய மனசு. "எடுத்துக் குடுக்காம மலை இறங்க மாட்டேனுங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் கல்யாணப் பெண் பிருந்தா போன் செய்தாள். "அண்ணா, எனக்கு எல்லாமே கேண்டிட்தான் வேணும். போஸ் குடுக்க வெக்கக்கூடாது. யாரும் கேமராவைப் பாக்கக்கூடாது. நீங்க எடுக்கறதே எங்களுக்குத் தெரியக்கூடாது."

"ஒருத்தர் பாத்தாலும் எடுக்க மாட்டேன் பாப்பா" என்று அதற்கும் ஒரு வாக்குக் கொடுத்தார்.

முகூர்த்த நாள் விடியற்காலை வேன் மலை ஏறிக்கொண்டிருந்தபோது ஆலோசனை தொடங்கியது.

"முதலாளி, எடுக்கறது அவங்களுக்குத் தெரியக்கூடாதுங்கறாங்க. ஆனா எடுக்கச் சொன்னதே அவங்கதானே. அப்பத் தெரியுந்தானே?" என்றான் அர்த்தநாரி.

பொன்னுரங்கம் நாலு கொண்டை ஊசி வளைவு வரைக்கும் யோசித்தார். "அதானே" என்றார்.

"நாம வரலைன்னு சொல்லிட்டா?" என்றான் செங்கோடன்.

இவ்வளவு நல்ல யோசனை செங்கோடனிடமிருந்து வரும் என்று பொன்னுரங்கம் எதிர்பார்க்கவில்லை. உடனே தீர்த்தகிரிக்குப் போன் போட்டார். "ஏனுங்க, நாங்க இன்னிக்குக் கல்யாணத்துக்கு வரலைங்க."

எதிர்முனையில் தீர்த்தகிரி பதறிப்போய், "முகூர்த்தத்துக்கு ரெண்டு மணி நேரந்தான் இருக்கு, இப்பச் சொல்றீங்களே" என்றார்.

"பயப்படாதீங்க. ஓட்டலுக்குப் பின்னாடிதான் வேனை நிறுத்தப் போறோம். ஆனா நாங்க வரலைங்க" என்று சொல்லிப் போனை வைத்தார். பெண்ணைப் பெற்றவரின் வயிற்றில் பாலை வார்த்த திருப்தி அவருக்கு.

அடுத்து, ஒளிந்துகொள்வது. அர்த்தநாரி ஹாலில் மணவறைக்குப் பக்கத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றான். செங்கோடன் ஏரியில் மிதந்த ஆகாயத்தாமரையை அள்ளித் தலை முதல் இடுப்பு வரை போர்த்துக்கொண்டு ஒரு துடுப்புப் படகில் படுத்தான். பொன்னுரங்கம் வாசலில் கட்டியிருந்த வாழை மரத்துக்குப் பின்னால் நின்றார். அவர் வாழை மரத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். வந்தவர்கள் எல்லாரும் அவருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். அவர் பதில் வணக்கம் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டார். நாம் பார்க்காவிட்டால் அவர்களும் பார்த்ததாக ஆகாது என்பது அவர் கணக்கு.

கெட்டிமேளம் கொட்டியது. தாலி ஏறியது. திரைக்குப் பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. முகூர்த்தம் முடிந்ததும் பொன்னுரங்கம் பின்பக்கமாகப் போய் அர்த்தநாரியின் கேமராவை வாங்கிப் பார்த்தார். நூற்று நாற்பது படம். நூற்று நாற்பதும் பழுப்பு நிறத் துணி.

"திரையை விலக்கலையா?"

"விலக்கினாத் தெரிஞ்சுடாதுங்களா?"

பொன்னுரங்கத்தால் அதில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. "நெசவு நல்லாத் தெளிவா விழுந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் கவலை அதுவல்ல. பாவாயி கேட்ட அந்த ஒரு படம் அமைவேனா என்றது. தீர்த்தகிரி மணவறையில் ஏறினால் அங்கமுத்து ஏரியைப் பார்க்கப் போய்விடுவார். அங்கமுத்து தாய்மாமன் முறை செய்ய வந்தால் தீர்த்தகிரிக்கு அடுப்படியில் ஏதாவது வேலை வந்துவிடும். பாவாயி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துப் பார்த்து முகம் வாடிப்போனார். மறுபடியும் வாழை மரத்துக்குப் பின்னால் வந்து நின்ற பொன்னுரங்கமும் இலையைப் பிடித்தபடி கொஞ்சம் கண் கலங்கினார்.

அந்த நேரத்தில்தான் ஏரியிலிருந்து அலறல் கேட்டது.

விஷயம் இதுதான். கட்டிப்போட்ட படகில் ஆள் இருக்கிறான் என்று யாருக்காவது சந்தேகம் வந்துவிடும் என்று செங்கோடன் கயிற்றை அவிழ்த்துவிட்டிருந்தான். படகு தன்பாட்டுக்கு நகர்ந்தது. துடுப்புப் போட்டால் சத்தம் கேட்குமே என்று துடுப்பைக் கரையிலேயே விட்டிருந்தான். நடு ஏரிக்குப் போகிறோம் என்று புரிந்ததும் பதறி எழுந்தான். படகு கவிழ்ந்தது. நல்லவேளை, துறையிலிருந்து பத்தடி தூரந்தான் வந்திருந்தது. தண்ணீரும் மார்பளவுதான். ஆனால் செங்கோடனுக்கு அது தெரியாது. அவன் உட்கார்ந்தபடியே முழுகிக்கொண்டிருந்தான்.

ஆகாயத்தாமரை மூடிய தலை ஒன்று மேலே வருவதும் முங்குவதுமாக இருப்பதைப் படகுத்துறையின் இந்த ஓரத்தில் நின்ற அங்கமுத்து பார்த்தார். அலறல் கேட்டு அந்த ஓரத்துக்கு ஓடி வந்த தீர்த்தகிரியும் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பட்டு வேட்டியோடு குதித்தார்கள். ஒருவர் இடது கையைப் பிடித்தார், ஒருவர் வலது கையைப் பிடித்தார். செங்கோடன் ஒரு கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்ததால் கொஞ்சம் சிரமமாகத்தான் இருந்தது. இழுத்துப் படியில் போட்டார்கள்.

"யாருப்பா நீ?" என்றார் தீர்த்தகிரி.

"நாங்க வரலைங்க" என்றான் செங்கோடன்.

அங்கமுத்து அவனைப் பார்த்தார். பிறகு மாமாவின் தோளில் தொங்கிய ஆகாயத்தாமரையைப் பார்த்தார். எடுத்துப் போட்டார். "வேட்டி வீணாப் போச்சுங்க மாமா."

"உன்னுது மட்டும் என்ன வாழுதாம்" என்றார் தீர்த்தகிரி.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருஷத்துச் சிரிப்பு, சீக்கிரத்தில் நிற்கவில்லை. படியில் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பாவாயி ஓடி வந்து முந்தானையால் இரண்டு பேர் தலையையும் துவட்டினார். அழுகையும் சிரிப்புமாகத் திரும்பி வாழை மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டார். "அண்ணா, இப்ப எடுத்துடுங்க."

பொன்னுரங்கம் கேமராவோடு ஓடி வந்தார். மாமனும் மைத்துனனும் எழுந்து நின்றார்கள். தோளில் கை போட்டார்கள். கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பொன்னுரங்கம் கேமராவைக் கீழே இறக்கினார்.

"என்னாச்சுங்க?" என்றார் பாவாயி.

"பாக்கறாங்களே" என்றார் பொன்னுரங்கம், ரொம்ப வருத்தத்தோடு.

கல்யாணப் பெண்ணே மாலையோடு வந்து கெஞ்சினாள். "பரவால்ல அண்ணா. நானே சொல்றேன், எடுங்க."

"பாப்பா, இன்னிக்கு நீங்க சந்தோசத்துல சொல்றீங்க. நான் குடுத்த வாக்கு வாக்குத்தான்" என்றார். பிறகு அர்த்தநாரியைத் தனியே அழைத்தார். "அம்மாவுக்கு ரெண்டு பேரும் ஒரே படத்துல வேணும். பொண்ணுக்கு ஒருத்தரும் பாக்கக்கூடாது. என்ன பண்ணலாம்?"

"கண்ணைக் கட்டலாமுங்களா?"

"வந்திருக்கற இருநூறு பேருக்கும் துண்டுக்கு எங்க போறது?"

ஈர வேட்டியில் அங்கமுத்துவுக்குக் குளிர் எடுத்தது. பல் அடித்துக்கொண்டது. "உடுப்பு மாத்திட்டு வந்துடட்டுமா?" என்று அவர் கேட்டபோது பாவாயியின் முகம் மாறியது. போனவர் திரும்பி வருவாரோ, இந்தச் சிரிப்பு அதுவரை இருக்குமோ. பொன்னுரங்கம் அந்த முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேகமாக யோசித்தார்.

"எல்லாரும் புல்தரைக்கு வாங்க. ஒருத்தர் விடாம வரிசையா நில்லுங்க. மாமாவும் மச்சினனும் நடுவுல, போட்ட கை போட்டபடியே இருக்கட்டும். ஆச்சா? இப்ப எல்லாரும் ஏரிப்பக்கம் திரும்புங்க. நான் சொல்றவரைக்கும் யாரும் திரும்பக்கூடாது."

இருநூறு பேரும் ஏரியைப் பார்த்துத் திரும்பினார்கள். பெண், மாப்பிள்ளை, ஐயர், நாதஸ்வரக்காரர் உட்பட. பொன்னுரங்கம் நிதானமாக ஒரே ஒரு படம் எடுத்தார். ஒருத்தரும் பார்க்கவில்லை. அவருக்கு அப்படி ஒரு நிம்மதி. கொடுத்த வாக்கு இரண்டும் நிறைவேறிய சந்தோஷத்தில் பசி எடுத்தது. நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். இருநூறு பேரும் அவர் ரசம் சாதத்துக்கு வரும் வரைக்கும் ஏரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பரிமாறுகிறவர்தான் போய் ஆளுக்கு ஆள் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தார்.

ஒரு மாதம் கழித்துப் படம் பெரிதாக, சட்டம் போட்டு வீட்டுக்கு வந்தது. இருநூறு முதுகு. நடுவில் இரண்டு ஈர முதுகு. ஒன்றின் தோளில் மற்றொன்றின் கை. பாவாயி அந்தக் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார். முகம் தெரியாதது அவருக்குக் குறையாகவே படவில்லை. கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து மாட்டச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் நேராக மாட்டியிருக்கிறதா என்று பார்க்கப் பொன்னுரங்கம் வந்தார். அங்கமுத்துவும் அக்கா வீட்டில் இருந்தார். இப்போதெல்லாம் ஞாயிறு தவறாமல் வந்துவிடுகிறார், கறிக்குழம்பு முடியும் வரை கிளம்புவதில்லை. தீர்த்தகிரி கொல்லையில் கோழி உரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரிங்க. ஒரு மூஞ்சியும் தெரியலையே" என்றார் அங்கமுத்து.

பொன்னுரங்கம் படத்துக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் யோசித்தார். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"தப்பு எம்மேலதானுங்க. நான் சொல்றவரைக்கும் திரும்பாதீங்கன்னேன். அப்புறம் சொல்லவே இல்லைங்க. பாவம், ஒரு மாசமா இப்படியே நிக்கறாங்க."

தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, படத்தைப் பார்த்துக் கைகூப்பி, "ரொம்ப நன்றிங்க. இப்பத் திரும்பலாமுங்க" என்றார்.

இருவரும் காத்திருந்தார்கள். ஒரு முதுகும் அசையவில்லை.

அங்கமுத்து நாற்காலியை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. மாமாவுக்கு ஒரு காது மந்தம். அவர் திரும்பாம நான் எப்படித் திரும்பறது?"