விரால் போட்ட கூரை

கண்ணுக்குத் தெரியாதவர்கள் பேசுகிற கதை இது. எங்கே தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன்.

காட்டுக் குளத்தில் ஒரு தாய் விரால் இருந்தது. அதன் குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாக அதைச் சுற்றித் திரிந்தன. கரைக் கிளையில் ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது.

உடனே விரால் ஆகாயத்தாமரைகளை இழுத்து வந்து, குஞ்சுகளுக்கு மேலே கூரைபோல நெருக்கி அடைத்தது.

"வெயில்கூட நுழையாது போலிருக்கிறதே, அக்கா!" என்றது பக்கத்துப் பொந்து நண்டு.

"நுழைய வேண்டாம்! மீன்கொத்தியும் நுழையாது!"

சில நாளில் அடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. குஞ்சுகள் துவண்டு ஒருபக்கமாகச் சாய்ந்தன. விரால் பதறிக் கீழே பாய்ந்தது. சேற்றின்மேல் ஊதா நிறத்தில் மெல்லிய ஏடு படிந்திருந்தது.

"நாற்றம் பிடித்தவர்களே! என் பிள்ளைகளைக் கொல்லவா வந்தீர்கள்? உங்களைச் சுரண்டி எறிகிறேன்!"

"ஐயோ, வேண்டாம்மா!" என்று ஏட்டிலிருந்து ஆயிரம் சின்னக் குரல்கள் அலறின. "நாங்கள் ஊதா நுண்ணுயிர்கள். நாற்றம் எங்களுடையது இல்லை. சேற்றில் மட்கும் இலைகளுடையது. அந்த நச்சுக் காற்றை வைத்துத்தான் நாங்கள் பிழைக்கிறோம்!"

"அப்படியானால் அதைத் தின்று தீர்க்க வேண்டியதுதானே!"

"அடுப்பு எரிந்தால்தானே சமைக்க முடியும்? வெயில்தான் எங்கள் அடுப்பு. பச்சைப்பாசி வெயிலையும் தண்ணீரையும் வைத்துச் சமைக்கிறது. நாங்கள் தண்ணீருக்குப் பதில் இந்தக் காற்றை எடுத்துக்கொள்கிறோம். அதிலுள்ள கந்தகத்தை மணிமணியாக உடம்பில் சேர்த்துக்கொள்கிறோம். நீங்கள்தான் கூரை போட்டு அடுப்பை அணைத்துவிட்டீர்களே!"

"நான் அப்போதே சொன்னேன்!" என்றது நண்டு.

"சொன்னது போதும், கொடுக்கை நீட்டு!"

விரால் குஞ்சுகளை மூக்கால் முட்டி முட்டி நல்ல தண்ணீருக்குத் தள்ளியது. பிறகு விரால் இழுக்க, நண்டு வெட்ட, கூரை பிரிந்தது. வெயில் சேறுவரை இறங்கியது. ஊதா ஏடு மெல்லத் தடித்துப் பரவியது. நாற்றமும் அடங்கியது.

கடைசிக் குஞ்சும் நிமிர்ந்து நீந்தியபோதுதான் விராலுக்கு உயிர் வந்தது.

மீன்கொத்தி என்னவோ பறந்து போகவில்லை. அதனால் விரால், கரையோர மருதமரத்தின் வேர்களுக்குள் குஞ்சுகளைச் சேர்த்துவிட்டு, தானே வாசலில் காவல் நின்றது. நடுக்குளத்தை வெயிலுக்கு விட்டுவிட்டது.

நம்மைக் காத்துக்கொள்ள நாம் போடும் மறைப்பு, நம்மைக் காப்பவர்களின் பிழைப்பைக் கெடுத்தால், அது நமக்கே கேடாக முடியும்.