பாதி மரம், பாதி வினைல்

கோத்தகிரில ஒரு சாமியாரு இருந்தாரு. எப்பப் பாத்தாலும் ஒரு கருப்புக் கம்பளியப் போத்திட்டே இருப்பாரு. அதனால கம்பளிச் சாமின்னு பேரு. அவரோட சீடருங்கள்ல ஒருத்தர் சென்னியப்பன். சாமிய விட அஞ்சாறு வயசு மூத்தவரு. ஆனா சாமி வயசெல்லாம் பாக்க மாட்டாரு. எல்லாரையும் நீன்னுதான் சொல்லுவாரு.

சென்னியப்பன் புதுசா வீடு கட்டிட்டு இருந்தாரு. சுவரு முடிஞ்சுது. கூரை முடிஞ்சுது. தரைக்கு வந்து வேலை நின்னு போச்சு.

ஒரு நாள் காலையில ரெண்டு துண்டுப் பலகையோட வந்து சாமி முன்னால வச்சாரு.

"இது நெசமான தேக்குங்க சாமி. இது வினைல். பாக்க மரமாட்ட இருக்கும், ஆனா பிளாஸ்டிக்கு."

சாமி ரெண்டையும் தடவிப் பாத்தாரு. தெரியல. மோந்து பாத்தாரு. தெரிஞ்சுது.

"எதுக்கு இது?"

"எங்கப்பாவுக்குங்க. எண்பது தாண்டிட்டாரு. டைல்ஸ்ல கால வச்சா முட்டி வரைக்கும் வெறைச்சுப் போகுதுங்கறாரு. குளிர் ஏறாத தரையாப் போடச் சொன்னாரு டாக்டரு. அவரு எங்ககூட வந்து இருக்கோணும், அதுக்குத்தான் இந்த வீடே."

"சரி, போடு."

"எதைப் போடறதுங்க? நான் மரம்ங்கறேன். சாந்தாமணி வினைலுங்கறா."

சாந்தாமணி அவரோட சம்சாரம்.

"மரம்னா நம்ம காலத்துக்கும் நிக்கும், கீறல் விழுந்தா இழைச்சுக்கலாம்னேன். தண்ணி பட்டா உப்பிக்கும், தொடைக்கப் போறது நீங்களா நானான்னு கேட்டா. பிளாஸ்டிக்குல குடியிருக்க நானென்ன ஊறுகாயான்னு கேட்டுட்டேன். அதுலருந்து பேச்சு வார்த்தை இல்லீங்க."

சாமி ரெண்டு பலகையையும் திருப்பிக் குடுத்தாரு.

"பால் காய்ச்சறப்ப மாடு வருமா?"

"வருங்க. மாடு மொதல்ல உள்ள போகாம நாங்க யாரும் கால் வைக்க மாட்டோமே."

"அப்ப மாட்டைக் கேளு."

சென்னியப்பன் கும்பிட்டுட்டுக் கெளம்பினாரு. சாமி எதச் சொன்னாலும் அப்படியே செய்யறவரு. அவருகிட்ட அது ஒண்ணுதான் தொந்தரவு.

நேரா வீட்டுக்குப் போயி, சம்சாரம் காதுல விழற மாதிரி சுவத்தைப் பாத்து விசயத்தைச் சொன்னாரு. ஹாலுக்கு நடுவால ஒரு கோடு. வாசலுக்கு நேரா நின்னா எடது பக்கம் தேக்கு, வலது பக்கம் வினைல். மாடு எது மேல நடக்குதோ அதை வீடு பூராவும் போடறது. இன்னொண்ணப் பேத்து எடுத்தர்றது.

சாந்தாமணி ஒத்துக்கிட்டாங்க. புருசனை நம்பறதுக்கு மாட்டை நம்பலாம்னு அவங்களுக்கும் தோணிருச்சு.

தரை போட்டாச்சு. அப்பா நாச்சிமுத்துவக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. அவரு வாக்கரைப் புடிச்சுட்டு மெதுவா உள்ள வந்தாரு. தேக்கு மேல ஒரு எட்டு வச்சாரு.

"பாத்துங்கப்பா. தேக்கு."

பெரியவரு நகந்து வினைல் மேல வச்சாரு.

"பாத்துங்க மாமா. இப்பத்தான் போட்டிருக்கு."

பெரியவரு கோட்டு மேல வந்து நின்னாரு.

"நான் எங்க கண்ணு நிக்கறது?"

"எங்க வேணா நில்லுங்கப்பா. உங்களுக்காகத்தானே எல்லாம். பாத்து, பாத்து, வாக்கரை இழுக்காதீங்க, தூக்கி வையிங்க."

தூக்கி வைக்க முடிஞ்சா அவருக்கு எதுக்கு வாக்கரு. சென்னியப்பனே ஒரு வழி கண்டுபுடிச்சாரு. பழைய சாக்ஸா நாலு எடுத்து வாக்கரோட நாலு கால்லயும் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டாரு. பெரியவரு ஒரு தள்ளு தள்ளினாரு. வாக்கரு மட்டும் முன்னால போயிருச்சு. சாந்தாமணி ஓடி வந்து புடிச்சாங்க. மாமனாரைத்தான்.

பெரியவரு நாற்காலில உக்காந்தாரு. கொஞ்ச நேரம் ரெண்டு பக்கத்தையும் பாத்துட்டு இருந்தாரு.

"பால் காய்ச்சு முடிஞ்சதும் நான் பூங்கொடி வீட்டுக்கே போயிக்கறேன் கண்ணு."

பூங்கொடி அவரு மூத்த மக. திருப்பூர்ல இருக்கறவங்க.

"அங்க வெயிலு கொளுத்துமேப்பா?"

"அது பரவால்ல."

தரை இன்னும் முடிவாகலைன்னுதான் அப்பாவுக்குக் கோவம்னு சென்னியப்பன் நெனச்சாரு. மாடு வந்து சொல்லிருச்சுன்னா எல்லாம் சரியாயிரும்னு மனசத் தேத்திக்கிட்டாரு.

பால் காய்ச்சற அன்னிக்கு விடியறப்பவே சொந்தக்காரங்க வந்துட்டாங்க. ஹோமம் வாசல்லயே முடிஞ்சுது. உள்ள பண்ணினா ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் உருகும். பெரியவரு வாசலோரமா நாற்காலில, மப்ளரைச் சுத்திட்டு உக்காந்திருந்தாரு. அவரோட பெட்டி பூங்கொடி கார்ல ஏற்கெனவே ஏறியாச்சு.

மாட்டுக்காரர் ரங்கசாமி மாட்டை ஓட்டிட்டு வந்தாரு. சென்னியப்பன் குறுக்கால வந்து நின்னாரு. கையில நாலு சாக்ஸ். முட்டி வரைக்கும் வர்ற, ஃபுட்பால் ஆடறவங்க போடற சாக்ஸ்.

"எதுக்குங்க இது?"

"மாட்டுக்கு. குளம்பு பட்டா தரை என்னத்துக்கு ஆகும்?"

ரங்கசாமி மாட்டையும் சாக்ஸையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

"என்ற மாடு பள்ளிக்கூடம் போனதில்லீங்களே."

ஆனாலும் மாட்டி விட்டாரு. பெரியவரு நாற்காலிலருந்து மாட்டோட காலைப் பாத்தாரு. அப்புறம் தன்ற வாக்கரோட காலைப் பாத்தாரு.

"பூங்கொடி, ரெண்டு பேருக்கும் ஒரே யூனிஃபார்ம் பாரு."

கூட்டம் சிரிச்சுது. சென்னியப்பன் சிரிக்கல. அவரு வாழப்பழத்தோட தேக்குப் பக்கமா போயி நின்னுட்டாரு. சாந்தாமணி அகத்திக்கீரையோட வினைல் பக்கமா நின்னாங்க.

"வா கண்ணு, வா வா. பழம் பாரு."

"இங்க வாடி தங்கம். கீரை, கீரை."

மாடு வாசப்படில நின்னு ரெண்டு பேரையும் பாத்துச்சு. ஒரு கால ஒதறுச்சு. இன்னொரு கால ஒதறுச்சு. அப்புறம் ஒதறறதையும் நிறுத்திட்டு சும்மா நின்னுச்சு.

"நல்ல நேரம் போகுதுங்க," அப்படின்னாரு ஐயரு.

"அவருக்குத்தான் போகுது, நமக்குப் பனி எறங்குது," அப்படின்னுச்சு பின்னாலருந்து ஒரு கொரலு.

அப்பத்தான் கம்பளிச் சாமி வந்து சேந்தாரு. கூட்டம் வழி விட்டுச்சு.

"கேட்டியா சென்னியப்பா?"

"கேட்டாச்சுங்க சாமி. பழத்தைக் காட்டியும் கேட்டாச்சு. ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

சாமி மாட்டைச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு ஒரு சாக்ஸைக் கழட்டினாரு. சென்னியப்பன்கிட்ட நீட்டினாரு. சென்னியப்பன் பழத்தைக் கீழ வச்சுட்டு ஓடி வந்து வாங்கினாரு. நாலையும் கழட்டி நாலையும் குடுத்தாரு.

"சாமி, தரை..."

"புடி."

அடுத்தாப்ல சாமி பெரியவருகிட்டப் போனாரு. வாக்கர் முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, அந்தச் சாக்ஸையும் ஒண்ணொண்ணாக் கழட்டினாரு. பெரியவரு காலை நகத்திக்கிட்டாரு. சாமி கீழ உக்காந்திருக்கறது அவருக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

"இதையும் புடி."

சென்னியப்பன் கை நெறையா சாக்ஸ்.

மாடு ஒரு பெருமூச்சு விட்டுச்சு. நடந்துச்சு. டக்கு டக்குன்னு நேரா உள்ள போயி, தேக்குல ரெண்டு காலும் வினைல்ல ரெண்டு காலுமா, சரியா கோட்டு மேல நின்னுச்சு. எல்லாரும் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தாங்க.

மாடு எந்தப் பக்கமும் போகல. வாலைத் தூக்குச்சு.

அவசரமே இல்லாம, நின்னு நிதானமாப் பேஞ்சுது.

"ஆஹா, கோமியம்! லச்சுமி கடாட்சம்!" ஐயரு கையெடுத்துக் கும்பிட்டாரு. ஊரே கும்பிட்டுச்சு. சென்னியப்பன் கும்பிடல. தேக்கு மேல பாஞ்சு உக்காந்து கையில இருந்த சாக்ஸை வச்சுத் தொடைச்சாரு. சாந்தாமணி அந்தப் பக்கம் உக்காந்து சேலை முந்தானையில தொடைச்சாங்க.

"ஏனுங்க, உங்க பக்கம் ஓடுது பாருங்க."

"நீ அங்க அணை போடு, நான் இங்க வளைச்சுக்கறேன்."

"எனக்கும் ரெண்டு சாக்ஸ் குடுங்க."

"இந்தா. ஐயோ, சந்துக்குள்ள எறங்குது சாந்தி!"

"எறங்கட்டும் விடுங்க, அதை அப்புறம் பாத்துக்கலாம். இதைத் தொடைங்க மொதல்ல."

எத்தன நாளைக்கு அப்புறம் ரெண்டு பேரும் பேசறாங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியல. தலையைத் தூக்காமத் தொடைச்சுட்டே இருந்தாங்க. மாடு வாழப்பழத்தைத் தின்னுது. கீரையையும் தின்னுது. ரங்கசாமி வந்து ஓட்டிட்டுப் போனாரு. சொந்தக்காரங்க செருப்பைக் கழட்டிட்டு ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க.

ஒருவழியாத் தொடைச்சு முடிச்சு ரெண்டு பேரும் நிமுந்தாங்க.

ஹாலுக்கு அந்தக் கடைசில, வெயில் விழற ஜன்னலுக்குக் கீழ, நாச்சிமுத்து உக்காந்திருந்தாரு. வெறுங்காலை நீட்டித் தரையில வச்சிருந்தாரு. வாக்கர் பக்கத்துல நின்னுச்சு.

"சாந்தாமணி, பால் பொங்குனதும் எனக்கு அதுலயே ஒரு காப்பி போட்டுரு கண்ணு."

"சரிங்க மாமா."

"பூங்கொடி, பெட்டி கார்ல கெடக்குது. எடுத்துட்டு வந்துரு."

பூங்கொடி தம்பி சென்னியப்பனைத் திரும்பிப் பாத்தாங்க. அப்புறம் காரைப் பாத்துப் போனாங்க.

சென்னியப்பன் எந்திரிச்சு நின்னாரு. வேட்டி முட்டி வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு. சாமிகிட்ட வந்தாரு.

"சாமி, மாடு கோட்டு மேலயே நின்னுருச்சுங்களே. அப்ப வீட்டுக்கு எதைத்தான் போடறது? மரமா, வினைலா?"

"உங்கப்பன் உள்ள வந்தாரே, எது மேல நடந்து வந்தாரு?"

சென்னியப்பன் தரையப் பாத்தாரு. ரெண்டு பக்கமும் குளம்புத் தடம், வாக்கர் இழுத்த கோடு, ஊருச் சனத்தோட ஈரக்காலு.

"நான் பாக்கலீங்க சாமி."

"அப்ப அதையே போடு."