வடிவு மடக்கின கண்ணாடி ஒயரு

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடாம். கீழ வடிவு, மேல கோமளா. கோமளா வீட்டுக்குக் கண்ணாடி ஒயரு போட்டாங்க. தலைமுடி மாதிரி மெல்லிசுக் கண்ணாடி, அதுக்குள்ள வெளிச்சம் ஓடும். அந்த வெளிச்சத்துலதான் இன்டர்நெட்டு வரும். ம் சொல்லு.

"ம்."

அப்புறம், கோமளா மகன் வெளியூர்லேருந்து பளிச்சுனு பேசுறான், மாடியே கலகலன்னு சிரிக்குது. வடிவு மக தேன்மொழி மஸ்கட்ல மாசமா இருக்கா. வடிவு போன்லயோ அவ மூஞ்சி வாயத் தொறந்தபடியே நின்னுடும். "வயித்தக் காட்டுடி"ன்னா கட்டாயிடும்.

"வடிவக்கா, என் பையன் மூக்கு மச்சங்கூடத் தெரியுது!"ன்னு கோமளா மேலேருந்து கத்துவா.

வடிவுக்குக் குபுகுபுன்னு வயிறு எரியும்.

அவ ஜன்னல்ல ஒரு ஒயரு சுருளாத் தொங்குச்சு. கோமளாவோடதுதான்னு நெனச்சா. கண்ணாடிதானே, மடக்கினா ஒடஞ்சிடும்!

அஷ்டமி அன்னிக்கு ஆணியில கிறுகிறுன்னு சுத்தினா. மேல கலகல! அப்புறம் நவமி காலையில கதவு மூலையில மடக்கி டொம்முனு சாத்தினா. மேல கலகல! சாயங்காலம் கரண்டிக் காம்புல இறுக்கிச் சுத்தி, கரண்டிய உருவிட்டு, ஒயரக் கட்டிலுக்கு அடியில தள்ளினா. அப்பவும் கலகல! தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

தசமி அன்னிக்கு ஒயர்க்காரர் வந்தார். ஆணியப் பாத்தார், கதவப் பாத்தார், கட்டிலுக்கு அடியில குனிஞ்சார்.

"யாருக்கா இப்படிச் செஞ்சது?"

வடிவு கிட்ட வந்து கேட்டா. "கோமளாவோடது ஒடஞ்சிடுச்சா தம்பி?"

"அது பின்பக்கமாப் போகுது. இது உங்களோடதுக்கா!"

வடிவு வீட்டுக்காரர் சபாபதி தலையச் சொறிஞ்சார். "கட்டணம் பாதியாக் கொறஞ்சுதுன்னு நாந்தான் நமக்கும் ஒயரு கேட்டேன். அஷ்டமி நவமி கழியட்டும், அப்புறம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

வடிவு ஒயரத் தடவித் தடவிப் பாத்தா. ஐயோ, மக மூஞ்சிய நானே ஒடைச்சுட்டேனே!

ஒயர்க்காரர் ஒயர இன்டர்நெட்டுப் பெட்டியில சொருகினார். டிக்! பச்சை விளக்கு எரிஞ்சுது.

"மேல இருக்கிற பழைய ரகம்னா மடக்கின இடத்துலயே வெளிச்சம் கசிஞ்சிருக்கும். இது எப்படி வளைச்சாலும் விடாதுக்கா."

அப்போ போன்ல வந்தா பாரு தேன்மொழி! "அம்மா, இந்தா பாரு!" உள்ள குழந்தை புசுக்குனு ஒதைச்சதுகூடத் தெரிஞ்சுது.

கோமளா எட்டிப் பாத்தா. மூஞ்சி சுண்டிப்போச்சு. "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா இவ்ளோ பளிச்சுனு?"

வடிவு கரண்டிய நீட்டினா. "இதுல இறுக்கிச் சுத்திப் பாரு."

கோமளா கரண்டியோட மாடி ஏறிட்டா, கதையும் அவ பின்னாலயே ஏறிப்போச்சு. நீ கண்ண மூடிக்கோ.