மடைக்கு ஒரு பூட்டு

கண்மாய்ப் பொறுப்பு கைக்கு வந்த மூன்றாம் நாளே ராக்கப்பன் டவுனுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தார். பூட்டா அது, தேங்காய்க் கனம். வெற்றிலைத் தட்டில் அதை வைத்து, கரையோர மடத்துச் சாமியிடம் நீட்டினார். சீடரான ராக்கப்பனுக்கு வயது அறுபது. குருவுக்கு நாற்பதுகூட இருக்காது.

"மடைக்குப் போடணும் சாமி. தொட்டுக் கொடுங்க."

"எதுக்குப் பூட்டு?"

"கடைமடைக் கருத்தாயி முறை மீறி ரெண்டு தரம் மடையைத் திறந்துட்டா. கேட்டா, நெல்லு பால் பிடிக்கிற நேரம், ஒரு தண்ணி பாயலேன்னா அத்தனையும் பதருங்கிறா."

"பொய்யா?"

"பொய்யில்லை." அதைச் சொல்ல ராக்கப்பனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. "அதுக்காக ஊர் முறையை விட முடியுமா?"

"என்ன முறை?"

"மழை குறைஞ்ச வருஷம் யாருக்கும் பாதி வயலுக்குத்தான் தண்ணி. கூட்டத்துல எல்லாரும் கை தூக்கினாங்க. கருத்தாயியும் தூக்கினா."

"முதல்ல பாயறது எது?"

"மடத்து வாழைத்தோட்டம்."

"பாதிக்கா?"

ராக்கப்பன் சிரித்துவிட்டார். "சாமி தோட்டத்துல போய் யாரு அளவு பார்ப்பாங்க? முழுசுக்கும்தான்."

"அடுத்தது?"

"நம்ம வயலு."

"பாதிக்கா?"

ராக்கப்பன் தட்டைக் கீழே வைத்தார். "நான் கேக்கலை சாமி. கண்மாயைப் பார்க்கிறவருக்கு முழுசாப் பாயட்டும், தனக்கு மிஞ்சித்தானே தானம்னு ஊர்க்காரங்களாத்தான் சொன்னாங்க."

சாமி எழுந்து மண்வெட்டியை எடுத்தார். வாழைத்தோட்டத்தின் நடுவில் வாய்க்காலை மறித்து மண்ணை வெட்டிப் போட்டார். காலால் மிதித்து இறுக்கினார். பாதித் தோட்டத்தோடு தண்ணீர் நின்று, கடைமடைப் பக்கம் திரும்பியது.

ராக்கப்பன் பின்னாலேயே ஓடி வந்தார். "அந்தப் பக்கமும் குலை தள்ளின வாழை சாமி. காய்ஞ்சிடும்."

"காயும்."

"ஊர்ல என்னைத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்."

வேட்டியெல்லாம் சேறு. சாமி மண்வெட்டியைக் கழுவாமலே சீடரிடம் நீட்டினார்.

"முதல் பூட்டு போட்டாச்சு. ரெண்டாவதை உங்க வயல்ல நீங்க போட்டுட்டு வாங்க. மூணாவது வேணுமான்னு அப்புறம் பார்ப்போம்."