ஆட்டுக்கல் ஏறிய பரிசல்

காவிரிக் கரையில் மூங்கில்துறை என்று ஒரு துறை. துறை மடத்துக்குச் சொந்தம்; பரிசல்கள் ஓட்டுகிறவர்களுக்குச் சொந்தம். நடுவே ஒரு கறுப்புப் பலகை. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி:

'பரிசலில் எட்டுப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது. ஏற்றியவர் ஓராண்டு துடுப்பைத் தொடக் கூடாது.'

எழுதியவர் மடத்தின் தலைவி ஞானாம்பிகை அம்மையார். பதினைந்து வருடங்களுக்கு முன், ஒரு பரிசல் முழுகி மூன்று பேர் போன மறுநாள், தன் கையாலேயே எழுதினார்.

அவருடைய சீடர் சபாபதிக்கு அறுபது வயது. குருவைவிடப் பத்து வயது மூத்தவர். முப்பது வருடம் வக்கீல் தொழில் பார்த்துவிட்டு, அமைதி வேண்டும் என்று மடத்துக்கு வந்தவர். வந்த மூன்றாம் மாதமே, துறையில் வரும் வழக்குகளைத் தீர்க்கும் வேலையை அம்மையார் அவர் தலையில் கட்டிவிட்டார். அமைதி தேடி வந்தவருக்கு நல்ல வேலைதான்!

அந்த வாரம் வந்த வழக்கு இது. பரிசல்காரன் காத்தவராயன் எட்டுப் பேரை ஏற்றினான். கூடவே ஓர் ஆட்டுக்கல்லையும் ஏற்றினான். அக்கரையில் ஒரு கல்யாணப் பெண்ணுக்குச் சீராகப் போகிற கல். நடு ஆற்றில் பரிசல் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெற்றிலைக்காரர் மாரப்பனின் கூடை மட்டும் ஆற்றோடு போயிற்று. அவர் நேராக மடத்துக்கு வந்து முறையிட்டார். மனிதர் நன்றாகப் பயந்துபோயிருந்தார், பாவம். அதனால் கோபமும் பெரிதாக இருந்தது.

தீர்ப்பு வரும்வரை காத்தவராயனின் துடுப்பு சபாபதியின் அறையில் சாத்தியிருந்தது. அது திரும்பி வராவிட்டால் ஒரு வருடத்துக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியாது. வீட்டில் நாலு வாய்.

சபாபதி அம்மையாரிடம் போனார். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க வக்கீலய்யா."

"பலகையில எட்டுப் பேர்னு இருக்கு. அதை எழுதினப்ப உங்க மனசுல இருந்தது என்ன? தலைக்கணக்கா, பாரமா?"

"பாரம்தான். வேறென்ன?"

சபாபதிக்கு ஒரே சந்தோஷம். முப்பது வருடமும் அவர் சட்டம் எழுதியவர்களின் மனசைப் பழைய புத்தகங்களில்தான் தேடியிருக்கிறார். அப்படி எழுதிய ஒருவர் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்தபடி பதில் சொல்வது இதுதான் முதல் தடவை.

"அப்ப தீர்ப்பு முடிஞ்சுது. ஆட்டுக்கல்லு ரெண்டு ஆள் பாரம். மொத்தம் பத்து. துடுப்பு ஒரு வருஷம் நம்மகிட்டதான் இருக்கணும்."

"இந்தக் கீரை முடியட்டும். துறைக்குப் போய்ட்டு வரலாம்" என்றார் அம்மையார்.

வழியெல்லாம் சபாபதி பேசிக்கொண்டே வந்தார். "போன ஆடியில எட்டுப் பேரோட ஒரு கைக்குழந்தையை ஏத்தினவனை நீங்க விட்டுட்டீங்க. எழுத்துப்படி அது ஒன்பது. அன்னைக்கு நீங்க எழுத்தைத் தாண்டித்தானே பார்த்தீங்க? நானும் அதைத்தானேம்மா செய்யறேன்?"

அம்மையார் துறையில் கடலை விற்கும் பொன்னாத்தாவின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு பரிசல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது.

"பொன்னாத்தா, அந்தப் பரிசல்ல எத்தனை பேரு வர்றாங்க?"

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "எட்டுப் பேருங்க தாயி."

"மடியில ஒரு குழந்தை இருக்குதே?"

"மடியில இருக்கற புள்ளையை யாருங்க தாயி எண்ணுவாங்க?"

"அந்த நெல்லு மூட்டை?"

பொன்னாத்தா அம்மையாரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வெயிலு ஜாஸ்திங்களா தாயி? மூட்டை எப்படிங்க ஆளாகும்?"

கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலின்மேல் காத்தவராயன் உட்கார்ந்திருந்தான். இவர்களைக் கண்டதும் எழுந்தான். சற்றுத் தள்ளி மாரப்பன், காத்தவராயன் வாங்கிக் கொடுத்த புதுக் கூடையோடு நின்றார்.

"கல்லை ஏத்தும்போது பலகையைப் பார்த்தியாப்பா?" என்று கேட்டார் அம்மையார்.

"பார்த்தேனுங்க தாயி. ஒன்பதாவதா ஒருத்தரு ஏற வந்தாரு. வேண்டாமுங்கன்னு இறக்கி விட்டேன். கல்லைப் பத்தி அதுல ஒண்ணும் எழுதலீங்களே."

"தப்புன்னு தோணலையா?"

"தண்ணி உள்ள வந்தப்புறம் தோணுச்சுங்க."

மாரப்பனே சிரித்துவிட்டார்.

அம்மையார் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் கொண்டுவரச் சொன்னார். பலகையின் முன் மண்டியிட்டு, நிதானமாக மூன்றாவது வரியை எழுதினார்:

'எட்டுப் பேர் ஏறினால், கைமூட்டை தவிர வேறு பாரம் ஏற்றக் கூடாது. இன்று முதல்.'

'இன்று முதல்' என்பதைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினார். காத்தவராயன் மூன்று வரிகளையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்துத் தலையாட்டினான்.

"வக்கீலய்யா, துடுப்பை அவன்கிட்டக் குடுத்துருங்க."

சபாபதிக்கு மனசு ஆறவில்லை. "அம்மா, எழுதினதே நீங்க. பாரம்தான்னு உங்க வாயாலயே சொன்னீங்க. அதைவிட என்ன சாட்சி வேணும்?"

"நீங்க சந்தேகம்னதும் என்கிட்ட வந்து கேட்டீங்க. ஆத்துல ஆளை ஏத்தும்போது அவன் யார்கிட்டப் போய்க் கேட்பான்? அவனுக்கு இந்தப் பலகை ஒண்ணுதானே?"

சபாபதி ஆற்றுப் பக்கம் திரும்பினார். வந்து நின்ற பரிசலில் அக்கரைக்கு ஆட்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி தன் கைமூட்டையைப் பலகையருகே நின்ற காத்தவராயனிடம் தூக்கிக் காட்டி, இது ஏறலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்படி ஒவ்வொண்ணா எழுதிட்டே போனா முடிவு ஏதும்மா? நாளைக்கு இந்த மூணு வரியிலயும் இல்லாத ஒண்ணைத் தூக்கிட்டு வருவாங்க."

அம்மையார் தூரிகையைக் கழுவி உதறினார்.

"வரட்டும். பலகையில இடம் இருக்கு. இவன் வயித்துல எதுக்கு எழுதணும்?"